கைக்குட்டை

மாசிலாமணி டிரம்பெட் ஊதும்போது
வலது கையின் மேல் ஒரு கைக்குட்டை கிடக்கும்.
நீலக் கட்டம் போட்டது, ஓரம் பிரிந்தது.
வேர்வைக்கு என்றுதான் முதலில் நினைத்தோம்.
வேர்வை நெற்றியில் அல்லவா?

மூலக்கொத்தளம் போகிற வழியெல்லாம்
பூ மிதித்து, பட்டாசுப் புகையில் இருமி
நான் சைடு டிரம், பக்கத்தில் அவன்.
மூன்று பொத்தானில் எது இறங்குகிறது, எது ஏறுகிறது
எனக்கே தெரியாது.
துணி மட்டும்
தவளைத் தொண்டைபோல் துடிக்கும்.

காரணம் ஒரு செல்போன்.
காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற வரதனின் சாவு அன்று
தாடி வைத்த தம்பி ஒருவர் வந்தார்.
"அண்ணே, அந்தத் திருப்பம், இன்னொரு தடவை."
ஆறு தடவை கேட்டார்.
ஆறு தடவையும் ஊதினான், ஆறும் வேறுவேறாக.
டீ வாங்கிக் கொடுத்தார். கணக்கு அவ்வளவுதான்.
பொங்கலுக்கு வந்த படத்தில்
நான்காவது தடவை ஊதியது இருந்தது.
பேசின் பிரிட்ஜில் ஒரு ஷேர் ஆட்டோ
அதை அலறவிட்டுக்கொண்டு போனது.
"நம்ம வரதன்டா அது" என்றான்.
வேறொன்றும் சொல்லவில்லை.
மறுநாள் கைக்குட்டை வந்தது.

தூக்கம் வராத ஒரு ராத்திரி
போனில் படித்தேன்.
நியூ ஆர்லியன்ஸ், அதுவும் துறைமுகம்தான்.
நூறு வருஷத்துக்கும் முந்தின கதை.
கார்னெட் ஊதிய கறுப்பர் ஒருவர்
விரல்களைக் கைக்குட்டையால் மூடி வாசித்தாராம்,
பார்த்துத் திருடிவிடுவார்கள் என்று.
இசைத்தட்டு போடக் கம்பெனி கூப்பிட்டதாம்.
மாட்டேன் என்றாராம்.
அதனால் அந்த இசையின் முதல் தட்டு
வெள்ளைக்காரர் ஐந்து பேர் வாசித்தது.
மைல்கல்லில் அவர்கள் பெயர்.
அதுவரைக்கும் ரோடு போட்டது யார் என்று எழுத
கல்லில் இடம் இல்லை.
நடந்ததோ இல்லையோ, கதைதான் என்கிறார்கள்.
நான் நம்புகிறேன்.
அந்தத் துணியை எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் படித்தேன்.
அங்கே பிணத்தோடு போகும்போது மெதுவாக ஊதுவார்களாம்,
புதைத்துத் திரும்பும்போதுதான் ஆட்டம்.
நாம் போகும்போதே ஆடித் தீர்த்துவிடுகிறோம்.
திரும்பும்போது குழலை அக்குளில் இடுக்கி
யாரும் யாரோடும் பேசாமல் வருகிறோம்.
இரண்டு ஊரையும் ஒட்டினால்
ஒரு சாவு முழுசாகும்.

மாசிலாமணியிடம் சொன்னேன்.
"அந்தாளு பேரு இன்னா?"
சொன்னேன். அவன் வாயில் அது வேறு பெயர் ஆனது,
நம் தெருவில் யாரோ ஒருவனுடையது.
"கடைசி வரிக்கும் ரெக்கார்டே போடலியா?"
"அப்பால கொஞ்சம் போட்டாராம். அதுக்குள்ள லேட்டு."
குழலைக் கவிழ்த்து எச்சில் தட்டினான்.
"கூட்டத்துல மூடினு ஊதுனவன்
தட்டுலயா தொறந்து ஊதியிருப்பான்?"

போன செவ்வாய், ஒரு லாரி கிளீனருக்கு வாசித்துவிட்டு
திரும்பி வந்தோம்.
கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
எண்ணெய் டேங்கர் ரயில், நகர்கிறதா நிற்கிறதா என்று
அதற்கே தெரியாத வேகம்.
பைக்குகள் உறுமின. வெயில் தாரை இளக்கியது.
ரயில் வேகம் பிடித்துத் தடதடக்கத் தொடங்கியதும்
மாசிலாமணி கைக்குட்டையை எடுத்துப்
பின் பாக்கெட்டில் செருகினான்.
குழலை உதட்டில் வைத்தான்.

கழுத்து நரம்பு புடைத்தது. கன்னம் உப்பியது.
ஒரு சத்தமும் கேட்கவில்லை,
இரும்பு இரும்பின் மேல் ஓடுவதைத் தவிர.
வெறும் வெயிலில் மூன்று விரல்கள்
எல்லாருக்கும் தெரிகிற மாதிரி.

நான் தலையைத் திருப்பிக்கொண்டு
டேங்கர்களை எண்ணினேன்.
நாற்பத்தேழு.